இப்போதைக்கு உங்க ஐடி

மறுபடியும் சிவப்பு. அழுத்தினா சுத்துது, சுத்துது, ஏதோ பெருசா யோசனை பண்ற மாதிரி சுத்திட்டு கடைசியில அதே சிவப்புப் பெருக்கல் குறி, கீழே அதே ஒத்தை வரி, டேட்டாபேஸுடன் இணைய முடியவில்லை, உங்கள் நிர்வாகியை அணுகவும். எந்த நிர்வாகியைப் போய் அணுக, இந்த ப்ராஜெக்ட்ல இதுக்கு நிர்வாகியே நான்தான். ஏன் முடியலைன்னு சொல்லித் தொலைச்சா என்னவாம், பாஸ்வேர்ட் தப்பா, சர்வர் படுத்துடுச்சா, நடுவுல எவனாவது வழியை அடைச்சுட்டானா, ஒண்ணும் சொல்லாது, முடியலை, அவ்வளவுதான், போ. ஹெட்செட் சூடாகிக் காது நசநசங்குது, தலைக்கு மேல ஏசி நேரா உச்சந்தலையில ஊத்துது, யாரோ பேன்ட்ரியில கருவாட்டுக் குழம்பைச் சூடு பண்ணியிருக்காங்க, அந்த வாசனைக்குப் பசிக்குதா குமட்டுதான்னே தெரியலை. 'மங்கை, எனி லக்?' மேனேஜர் நிரஞ்சன் கேக்கிறான். லக்காம். இது என்ன லாட்டரிச் சீட்டா. 'பார்த்துக்கிட்டே இருக்கேன் நிரஞ்சன்'ங்கிறேன், அந்தப் பணிவான குரல் எனக்கே பிடிக்கலை. கான்ஃபரன்ஸ் கால்ல பத்துப் பதினஞ்சு பேர் இருக்காங்க, அத்தனை பேரும் மியூட்டுல, யாருக்கு வந்த விருந்தோன்னு உட்கார்ந்திருக்காங்க, ஆனா என் மானிட்டரை ஷேர் பண்ணச் சொல்லிட்டாங்க, அதனால நான் மவுஸை எங்க கொண்டு போறேன், எங்க தயங்குறேன், எந்த எழுத்தைத் தப்பா அடிச்சு அழிக்கிறேன், எல்லாம் அத்தனை பேருக்கும் தெரியும். பாத்ரூம் கதவைத் திறந்து வெச்சுக் குளிக்கிற மாதிரி இருக்கு. தனியா விட்டிருந்தா இந்நேரம் கண்டுபிடிச்சிருப்பேன். வேலை என்னமோ எப்பவும் பண்றதுதான், ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியோட பழைய டேட்டாபேஸ்ல இருக்கிற பாலிசிக்காரங்க விவரத்தை அள்ளி, அழுக்கு எடுத்து, புது டேட்டாபேஸ்ல கொட்டணும், அள்ளிக் கொட்டுறதுக்குன்னே ஒரு டூல், அந்த டூலுக்கு ரெண்டு பக்கமும் வழி சொல்லணும், சர்வர் பேரு, போர்ட் நம்பர், டேட்டாபேஸ் பேரு, யூசர், பாஸ்வேர்ட், அஞ்சே அஞ்சு கட்டம். அள்ளுற பக்கம் இன்ஷூரன்ஸ் கம்பெனி குடுத்த ஐடி, பச்சை. கொட்டுற பக்கம் சிவப்பு. காலையில சாம்பிளுக்குக் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தப்போ ரெண்டும் பச்சையாத்தான் இருந்துச்சு, நான் போய் ரெண்டு வாய் தயிர் சாதம் சாப்பிட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள இப்படி ஆகியிருக்கு. இந்த அள்ளிக் கொட்டுற லோடு மூணரை மணி நேரம் ஓடும். நாலு மணிக்காவது ஆரம்பிச்சாகணும்.

ஆரம்பிக்கலைன்னா என்ன ஆகும்னு இந்தக் கால்ல ரெண்டே பேருக்குத்தான் தெரியும், எனக்கும் நிரஞ்சனுக்கும். மத்தவங்களுக்கு இது இன்னொரு லோடு. எனக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. பிஐபின்னு ஒண்ணு வெச்சிருக்காங்க, உங்க வேலை திருப்தியா இல்லை, திருத்திக்க அவகாசம் தர்றோம்னு அர்த்தம், கேக்க எவ்வளவு அக்கறையா இருக்கு பாரு, ஆனா பிஐபியில போட்டவங்க எவரும் திருந்தி வந்து உட்கார்ந்ததா இந்தத் தளத்துல யாரும் பார்த்ததில்லை. அந்தச் சின்ன ரூமுக்குக் கூப்பிட்டு, கண்ணாடிச் சுவர், வெளியே போறவங்க எல்லாம் பார்த்துக்கிட்டே போறாங்க, நிரஞ்சன் தண்ணி பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வெச்சுட்டு, 'மங்கை, திஸ் இஸ் நாட் பர்சனல்'னான். அப்புறம் யாரோட பர்சனலாம். சேர்ந்த புதுசுல அக்கான்னு கூப்பிட்டவன், லீட் ஆனதும் மங்கை மேம், மேனேஜர் ஆனதும் வெறும் மங்கை, இன்னொரு ப்ரமோஷன் வந்தா ஏய்னு கூப்பிடுவான். என் மேல என்ன குறையாம்னா, 'விசிபிலிட்டி' இல்லையாம். வேலை நடக்குது, ஆனா நான் பண்றேன்னு யாருக்கும் தெரியலையாம். நடக்கிற வேலையைத் தண்டோரா போட்டுச் சொல்லணுமா, பல்லைக் காட்டிக்கிட்டு ஒவ்வொரு மெயிலுக்கும் ரிப்ளை ஆல் போடணுமா. நாப்பத்தஞ்சு வயசு ஆயிடுச்சு, அதுதான் விஷயம், அதை எழுத முடியாது, அதனால விசிபிலிட்டி. ஆனா அன்னைக்கு ரூமை விட்டு வெளியே வரும்போது சொன்னான், 'இந்த இன்ஷூரன்ஸ் லோடு மட்டும் சுத்தமா முடிச்சுக் குடுங்க, நானே பேசி இந்த பிஐபியைக் க்ளோஸ் பண்ணிடுறேன், ப்ராமிஸ்.' அதை நம்பித்தான் உட்கார்ந்திருக்கேன். நம்பாம என்ன பண்றது, வேற வழி காட்டினா போகலாம். ஞாயித்துக்கிழமை கூட உட்கார்ந்து ஒவ்வொரு டேட்டா டேபிளா ஓட்டிப் பார்த்து வெச்சேன், ஒரு இடத்துல பிறந்த தேதி தலைகீழா வந்துச்சு, அதைச் சரி பண்ணினேன், எல்லாம் தயார், கதவு மட்டும் திறக்க மாட்டேங்குது.

'ஏதாவது சேஞ்ச் பண்ணீங்களா?' யாரோ கேக்கிறாங்க, நெட்வொர்க் டீமா இருக்கும். இல்லை. 'காலையில வேலை செஞ்சதுன்னு சொல்றீங்களே, அப்போ ஏதாவது மாறியிருக்கணுமே.' ஆமாம் சாமி, மாறியிருக்கணும், அதைத்தானே நானும் உங்களைக் கேக்கிறேன். நான் எதையும் தொடலை. இவங்க ஒருத்தரும் எதையும் தொடலையாம். ஃபயர்வால்காரர் மியூட்டை எடுத்து, 'எங்க சைடு எல்லாம் ஓப்பன்ல இருக்கு'ன்னு சொல்லிட்டு, நான் அடுத்த கேள்வி கேக்கிறதுக்குள்ள மியூட்டுக்குள்ள போயிட்டார். சர்வர்காரங்க, சர்வர் உயிரோட இருக்கு. டூல் விக்கிற கம்பெனியோட ஆள், ட்ரைவர் வெர்ஷன் என்ன, திரும்ப இன்ஸ்டால் பண்ணிப் பார்த்தீங்களா. பண்ணியாச்சு. ரீஸ்டார்ட்? பண்ணியாச்சு. எல்லாத் தொல்லைக்கும் இவங்ககிட்ட ரெண்டே மருந்து. போர்ட் நம்பரை ஒவ்வொரு இலக்கமா வாய்விட்டுப் படிச்சேன், சின்னப் பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்ற மாதிரி, எல்லாரும் கேட்டாங்க, சரிதான். டேட்டாபேஸ் பேரை மெயில்ல இருந்து காப்பி பண்ணி ஒட்டினேன், பின்னாடி ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கிட்டு வரும், அது கண்ணுக்குத் தெரியாது, ஒரு தடவை அதுக்காக ஒரு நாள் முழுக்க அலைஞ்சிருக்கோம், அதையும் பார்த்தேன், ஸ்பேஸ் இல்லை. பாஸ்வேர்டைத் திரும்ப அடிச்சேன், கறுப்புப் புள்ளியா விழுது, அத்தனை பேரும் புள்ளியை எண்ணிக்கிட்டிருப்பாங்க. சிவப்பு. கேப்ஸ் லாக் பார்த்தேன். சிவப்பு. மெதுவா, ஒவ்வொரு எழுத்தா, விரலைப் பார்த்துப் பார்த்து. சிவப்பு. 'மங்கை, டேக் யுவர் டைம், நோ ப்ரெஷர்'ங்கிறான் நிரஞ்சன், க்ளையண்ட் லைன்ல இருக்கார், அதான் இந்தத் தேன் குரல், க்ளையண்ட் இல்லாதப்போ இவன் பேசுறதை ரெக்கார்ட் பண்ணி வெச்சிருக்கணும். மும்பையில இருந்து கோகலே, அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆளு, நல்ல மனுஷன், காலையில குட் மார்னிங் சொல்லும்போதே இருமிக்கிட்டிருந்தார், இப்பவும் மியூட்டை எடுத்து இருமிட்டு, 'நாளைக்குக் காலையில ஹாஸ்பிடல் கவுண்டர் எல்லாம் புது சிஸ்டத்துக்கு மாறிடும், திரும்பிப் போக வழி இல்லை, தெரியும் இல்லையா'ங்கிறார். தெரியும் சார். தெரியும்னுதான் இப்படி அழுத்திக்கிட்டே இருக்கேன்.

கவுண்டர்னதும் அந்த பெஞ்ச் ஞாபகம் வருது, பச்சை கலர் ப்ளாஸ்டிக் சேர் வரிசை, என் வீட்டுக்காரர் சேது அதுல குறுக்கா சாஞ்சு இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு முனகுறார், கிட்னியில கல்லு, நான் கவுண்டர்ல நிக்கிறேன், அந்தப் பொண்ணு கீபோர்டைத் தட்டிட்டு, 'சிஸ்டத்துல பேர் வரலையே மேடம்'ங்கிறா. வரலைன்னா? என் ஆபீஸ் பாலிசி, புருஷன் பேரு சேர்த்தாச்சு, இதோ கார்டு. 'கார்டு சரி மேடம், சிஸ்டத்துல வரலை.' எவளோ ஒருத்தி எங்கேயோ உட்கார்ந்து லோடு பண்ணும்போது பாதியில விட்டிருப்பா, எனக்கு அப்பவே தெரியும், அவர் வலியில முனகுறப்பவும் எனக்கு அந்த யோசனைதான் ஓடுச்சு, எந்த டேபிள் விட்டுப் போச்சுன்னு. சேதுவை அவர் கம்பெனி வேலையை விட்டு அனுப்பி ரெண்டு மாசம்தான் ஆகியிருந்துச்சு அப்போ. அனுப்பினாங்கன்னு சொல்லக்கூடாது, அவரா போனார், பேப்பர்ல அப்படித்தான் இருக்கு. கூப்பிட்டு உட்கார வெச்சு, ராஜினாமான்னு எழுதிக் குடுங்க, நல்லபடியா ரிலீவிங் லெட்டர் தர்றோம், இல்லைன்னா டெர்மினேஷன்னு போட வேண்டி வரும், அப்புறம் எங்கேயும் வேலை கிடைக்காதுன்னாங்களாம், இந்த மனுஷன் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுட்டு லிஃப்ட்ல இறங்கி வந்துட்டார். ஏன் போட்டீங்க, ஏன் போட்டீங்கன்னு நான் கேக்காத நாள் இல்லை. இன்னைக்கும் கேப்பேன். அவங்க அனுப்புறாங்கன்னா அவங்க வாயால சொல்லட்டும், அவங்க கையால எழுதட்டும், நம்ம கழுத்தை அறுக்க நாமளே ஏன் கத்தியைத் தீட்டிக் குடுக்கணும். 'உனக்கு அந்த ரூம்ல உட்கார்ந்தா தெரியும்'னார். நானும் உட்கார்ந்தாச்சு, அவருக்குத் தெரியாது. பிஐபி பத்தி வீட்ல ஒரு வார்த்தை பேசலை. கன்சல்டிங் பண்றேன்னு லேப்டாப்பைத் திறந்து வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற மனுஷன்கிட்ட, வீட்ல வர்ற ஒரே சம்பளமும் ஆடுதுன்னு எப்படிச் சொல்ல. போன் மினுங்குது, அவர்தான், 'சாப்ட்டியா?'ன்னு மெசேஜ். சாப்ட்டேன்னு போட்டேன். வேற என்ன போட.

இல்லை, யோசிக்கணும், ஒழுங்கா யோசிக்கணும், மனசு கண்ட பக்கம் மேயுது. நெட்வொர்க் சரி. சர்வர் சரி. போர்ட் சரி. பேரு சரி. மிச்சம் யாரு? யூசரும் பாஸ்வேர்டும். பாஸ்வேர்ட் காலாவதி ஆயிருந்தா முன்னாடியே மெயில் வந்திருக்கும். தப்பாத் தப்பா அடிச்சதுல ஐடி லாக் ஆயிடுச்சா? ஆனா முதல் தடவையே சிவப்புதானே வந்துச்சு. அந்தக் கட்டத்தைப் பார்க்கிறேன், யூசர், அதுல என் ஐடி, என் பேரோட முதல் எழுத்தும் எம்ப்ளாயி நம்பரும். ஊர் உலகத்துல இப்படி வெக்கக்கூடாது, ஓடுற வேலைக்கு ஆளில்லாத பொது ஐடி ஒண்ணு வேணும், அதுதான் முறை, அது எனக்குத் தெரியாதா? இந்த ப்ராஜெக்ட் ஆரம்பிச்சப்பவே கேட்டேன். அதுக்கு ஆறு பேர் அப்ரூவல் தரணுமாம், ஆறாவது ஆளு மெட்டர்னிட்டி லீவ்ல போயிட்டாங்களாம், அவங்களுக்குப் பதிலா யாருன்னு யாருக்கும் தெரியாதாம். நிரஞ்சன்தான் சொன்னான், 'இப்போதைக்கு உங்க ஐடி போட்டு ஓட்டுங்க, அப்புறம் மாத்திக்கலாம்.' அந்த இப்போதைக்கு இன்னும் முடியலை. அந்தம்மாவோட குழந்தை இந்நேரம் ஸ்கூலுக்குப் போயிருக்கும். இந்த ஆபீஸ்ல எல்லா டீம்லயும் இதே கதைதான், யாராவது ஒருத்தி பேர்லதான் மொத்த வேலையும் ஓடும், அவ லீவுல இருந்தாலும் அவ ஐடி வேலை செய்யும், சம்பளம் வாங்காத இன்னொரு மங்கை. சரி, லாக்கா இல்லையான்னு கேட்டுடலாம். டேட்டாபேஸ் டீம்ல இருதயராஜ் இருக்கார், கால்ல இல்லை, அவரை இவங்க கூப்பிடவே இல்லை, டேட்டாபேஸ் பிரச்சனைக்கு டேட்டாபேஸ் ஆளைத் தவிர ஊரையே கூப்பிட்டிருக்காங்க. ஹெட்செட்டை மியூட்ல போட்டுட்டுப் போனை எடுத்து அடிக்கிறேன்.

'சொல்லுங்க மேடம்'ங்கிறார், பின்னாடி டீக்கடைச் சத்தம். இருதயராஜ், என் ஐடி லாக் ஆயிருக்கான்னு பாருங்களேன், அவசரம், லோடு நிக்குது. 'ஒரு நிமிஷம், லேப்டாப் கையிலதான் இருக்கு.' தட்டுறது கேக்குது. ஒரு பஸ் ஹாரன். 'லாக் எல்லாம் ஆகலை மேடம்.' அப்பாடா. 'டிஸேபிள் பண்ணியிருக்கு.' டிஸேபிளா, யாரு? 'நாங்கதான் மேடம், ரிக்வெஸ்ட் வந்துச்சு இல்லையா, போன வாரமே வந்துச்சு, இன்னைக்குத் தேதி போட்டு. சாயங்காலத்துக்குள்ள எடுத்தா போதும்னு இருந்துச்சு, நாங்க மதியமே முடிச்சுட்டோம், எப்பவும் எங்க டீம் டைமுக்கு முன்னாடியே முடிச்சிடும், தெரியுமே உங்களுக்கு.' என்ன ரிக்வெஸ்ட் இருதயராஜ்? என் குரல் எனக்கு எங்கேயோ கேக்குது. 'அதான் மேடம், ராஜினாமா. காரணம்ங்கிற இடத்துல அதான் போட்டிருக்கு, ராஜினாமா, கடைசி நாள் இன்னைக்கு. நிரஞ்சன் சார் அப்ரூவ் பண்ணியிருக்கார். என்ன மேடம், பேப்பர் போட்டதைச் சொல்லவே இல்லை? நல்ல ஆஃபரா? எங்க போறீங்க?' அந்த மனுஷனுக்கு நெஜமாவே சந்தோஷம், குரல்லயே தெரியுது, ட்ரீட் கேக்கப் போறார். 'போறது எங்கன்னு இன்னும் முடிவாகலை'ன்னேன். 'அடடே, பரவால்லை மேடம், உங்களுக்கெல்லாம் கிடைக்காம என்ன'ன்னார். நன்றி சொல்லி வெச்சேன்.

போன வாரமே. ஞாயித்துக்கிழமை நான் உட்கார்ந்து பிறந்த தேதியைச் சரி பண்ணும்போது நான் ஏற்கனவே போயாச்சு. அடப்பாவி. திங்கக்கிழமை லிஃப்ட்ல பார்த்துக் 'குட்டிப் பொண்ணு எப்படி இருக்கா, டுவெல்த் இல்லையா'ன்னு கேட்டானே, அப்பவும் நான் போயாச்சு. நேத்து, 'நாளைக்கு லோடு முடிஞ்சதும் உட்கார்ந்து பேசலாம், பாசிட்டிவா இருங்க'ன்னானே. என்னைப் போகச் சொல்லியிருந்தாக்கூட இப்படி எரியாது, ராஜினாமான்னு போட்டிருக்கான், என் வாயால நான் சொன்ன மாதிரி. சேதுவுக்காவது ஒரு பேனாவைக் குடுத்தாங்க. எனக்கு அந்த மரியாதைகூட இல்லை. மவுஸைக் கண்டபடி நகர்த்துறேன், அம்புக்குறி மானிட்டர் பூரா அலையுது, அதையும் அத்தனை பேரும் பார்க்கிறாங்க, மங்கைக்கு டென்ஷன்னு நினைப்பாங்க. சிரிப்பா வருது. இவங்க என்னைத் தூக்கின அவசரத்துல கவனிக்கலை, அவங்க லோடையும் சேர்த்துத் தூக்கிட்டாங்க. ஃபயர்வாலையும் ட்ரைவரையும் நோண்டிக்கிட்டு இருக்கட்டுமே, நாலு மணி ஆகட்டும், அஞ்சு ஆகட்டும், நான் பாட்டுக்குச் சிவப்பையே அழுத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தா யார் என்ன பண்ண முடியும். சுகமான யோசனை. வாயில மிட்டாய் மாதிரி உருட்டிப் பார்த்தேன். அதுக்குள்ள அந்தப் பச்சை ப்ளாஸ்டிக் சேர் வந்து தொலையுது. நாளைக்குக் காலையில எவனோ ஒருத்தன் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பான், அவன் பொண்டாட்டி கவுண்டர்ல நிப்பா. நிரஞ்சனுக்கு ஒண்ணும் ஆகாது, அவன் ஒரு மெயில் போட்டுட்டுப் போயிடுவான். ச்சே, பழி வாங்கக்கூட எனக்கு வாய்க்கலை பாரு.

நிரஞ்சன் போனுக்கு அடிச்சேன். ரெண்டு மூணு ரிங்குலயே எடுத்தான், கால்ல இருக்கும்போது தனியா எதுக்குக் கூப்பிடுறேன்னு அவனுக்கே சந்தேகம் வந்திருக்கும். ரூட் காஸ் கிடைச்சுடுச்சு நிரஞ்சன், டிஸேபிள் ஆனது என் ஐடி, ராஜினாமா பண்ணிட்டேனாம், நீங்கதான் அப்ரூவ் பண்ணியிருக்கீங்க. ஒரு கதவு சாத்துற சத்தம். அப்புறம், 'மங்கை, ஐ ஆம் சோ சாரி, நீங்க இப்படித் தெரிஞ்சுக்கிற மாதிரி ஆகியிருக்கக்கூடாது, அஞ்சு மணிக்கு ஹெச்ஆரோட உட்கார்ந்து பேசலாம்னு இருந்தேன்.' அப்போ லோடு முடிச்சா க்ளோஸ் பண்றேன்னீங்களே? 'என் கையில இல்லை மங்கை, மேலே இருந்து வந்தது, இத்தனை பேரை அனுப்பணும்னு எனக்கும் ஒரு நம்பர் குடுத்திருக்காங்க.' ராஜினாமான்னு யார் போட்டது? 'அது உங்க நல்லதுக்குத்தான், டெர்மினேஷன்னா உங்களுக்குத்தான் கஷ்டம், நீங்க ஒரு சின்ன மெயில் மட்டும் போட்டுட்டா எல்லாம் சுமுகமா முடிஞ்சிடும். இப்போ லோடு, லோடை மட்டும் பார்க்கலாமே, ப்ளீஸ்.' லோடா? ஓட்டலாம், ரொம்ப சுலபம், உங்க ஐடி இருக்கே, அதைப் போட்டா பச்சை வந்துடும், சொல்லுங்க, போடுறேன். 'என் ஐடியா?' பயந்துட்டான், நெஜமா பயந்துட்டான். 'வேண்டாம் மங்கை, ஆடிட்ல என் பேர் வரும், ப்ரொடக்‌ஷன் ஜாபுக்குத் தனி ஆள் ஐடி போடக்கூடாது, அது வயலேஷன்.' அடேங்கப்பா. இத்தனை வருஷமா என் பேரைப் போட்டு ஓட்டினப்போ அது என்னவாம்? அதைக் கேட்டேன். 'உங்க ஐடியையே எக்ஸ்டெண்ட் பண்ணச் சொல்றேன், அஞ்சு நிமிஷம்'னு வெச்சுட்டான்.

கால்ல குரல் மாறி வருது, அதே தேன், 'ஹாய் ஆல், சின்ன அக்சஸ் இஷ்யூதான், சரி பண்ணியாச்சு.' சின்ன அக்சஸ் இஷ்யூ, அதுதான் நான். இருதயராஜ் மெசேஜ் போடுறார், மேடம் உங்க ஐடி திரும்பக் குடுத்தாச்சு, ஆறு மணி வரைக்கும், கூட ஒரு கைகூப்பின பொம்மை. அழுத்தினேன். சுத்துது. பச்சை. கால்ல ரெண்டு மூணு பேர் 'கிரேட்'ங்கிறாங்க, கோகலே இருமிக்கிட்டே 'வெல் டன் மேடம்'ங்கிறார். ஆறு மணி வரைக்கும். இப்போ மணி நாலாகப் போகுது, லோடு ஏழரை வரைக்கும் ஓடும், ஒவ்வொரு டேபிளுக்கும் டூல் புதுசா உள்ளே நுழையணும், ஆறு அடிச்சதும் கதவு சாத்திடும், பாதிப் பேர் உள்ளே, பாதிப் பேர் வெளியே. நிரஞ்சனுக்கு அது தோணலை. என்னை எவ்வளவு சீக்கிரம் அனுப்பலாம்னு பார்த்தானே தவிர, வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும்னு பார்க்கலை. 'மங்கை, ரன் குடுங்க'ங்கிறான். குடுக்கலாம். ஒண்ணும் சொல்லாம குடுக்கலாம். அம்புக்குறி ரன் பட்டன் மேலதான் நிக்குது. மியூட்டை எடுத்தேன், என் வாய்தான் கேக்குது, நானே கேக்கிறேன், 'நிரஞ்சன், ஆறு மணி பத்தாது, ஏழரைக்கு மேல போடச் சொல்லுங்க.' கொஞ்ச நேரத்துல வந்துடுச்சு, அவன் தாராள மனசு, 'எட்டு வரைக்கும் போடச் சொல்லியாச்சு மங்கை, அரை மணி நேரம் பஃபரோட.' 'தேங்க்ஸ்'னேன். வாய் தானா சொல்லிடுச்சு, பாழாப்போன வாய், இருபது வருஷப் பழக்கம். ரன்னை அழுத்தினேன். எண் ஏறுது, ஆயிரம் பேரு, ரெண்டாயிரம் பேரு, கடகடன்னு உள்ளே போறாங்க. சேதுகிட்ட இன்னைக்கு என்ன சொல்லப் போறேன். அப்போ மானிட்டரோட கீழ் ஓரத்துல டிங்னு ஒரு சாட் பெட்டி எழும்புது, ஷேர் ஆகிக்கிட்டிருக்கிற அதே மானிட்டர்ல, நிரஞ்சன்கிட்ட இருந்து, அந்த ராஜினாமா மெயிலை இப்பவே அனுப்பிடுங்க மங்கை, ஹெச்ஆர் வெயிட் பண்றாங்க. தனியா எனக்குன்னு போட்டது, அவசரத்துல நான் ஷேர்ல இருக்கிறதை மறந்துட்டான். எல்லாரும் பார்த்திருப்பாங்க. 'மங்கை, ஷேரை நிறுத்திடுங்க, லோடுதான் ஓடுதே'ங்கிறான் கால்ல, குரல்ல தேன் இல்லை. நிறுத்தலை. பெட்டிக்குள்ள அம்புக்குறியை வெச்சேன். கோகலேக்கும் புரியணும்னு இங்கிலீஷ்லயே, மெதுவா, ஒவ்வொரு எழுத்தா, எல்லாரும் பார்க்கப் பார்க்க அடிக்கிறேன், நான் ராஜினாமா பண்ணலை, நீங்க என்னை அனுப்புறீங்க, அனுப்புறோம்னே எழுதுங்க. ஒரு தடவை படிச்சுப் பார்த்தேன். என்டர் அழுத்தினேன். யாரோ மியூட்டை எடுத்தாங்க, மூச்சு விடுற சத்தம் மட்டும் கேட்டுச்சு, திரும்பவும் மியூட் போட்டுட்டாங்க.